நீர் ராக்கெட்: தண்ணி எவ்வளவு ஊத்தணும்?



ஆசிய பசிபிக் வட்டார விண்வெளி முகமைகள் மன்றம் 2005 முதல் மாணவர்களுக்கு நீர் ராக்கெட் நிகழ்ச்சி நடத்தி வருகிறது. 2012இல் அது கோலாலம்பூருக்கும் வந்தது. நம் மலாக்கா பள்ளித் திடலில் செய்து பார்க்க ஒரு கேஸ் பானப் போத்தலும் சைக்கிள் பம்பும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பலரும் போத்தலில் முக்கால்வாசி தண்ணி ஊத்திடுவாங்க. நிறைய ஊத்தினா உயரமா போகும்னு நினைப்பு. போகாது. தள்ளுவது அழுத்தப்பட்ட காற்று, தள்ளப்படுவது தண்ணீர். தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், சேமிக்கப்படும் சக்தியும் குறையும். சரி, தண்ணீரே வேண்டாமென்றால்? காற்று மட்டும் 'புஸ்' என்று வெளியேறும். அதன் நிறை மிகக் குறைவு, ஆகவே உந்தமும் குறைவு. (படிவம் 4இல் 'மொமெந்தும்' என்று படிப்பது இதைத்தான்.) 1.5 லிட்டர் போத்தலுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டரில் தொடங்குங்கள்.

"தண்ணீர் தரையைத் தள்ளுவதால் ராக்கெட் எழும்புகிறது" என்று தேர்வில் எழுதாதீர்கள். தரை தேவையே இல்லை. போத்தல் நீரைக் கீழே தள்ள, நீர் போத்தலை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி.

ஆய்வாகச் செய்தால் தண்ணீரின் அளவு தற்சார்பு மாறி. பறந்த தூரம் சார்பு மாறி. போத்தல், அழுத்தம், ஏவும் கோணம் மாறக்கூடாது. ஒவ்வோர் அளவுக்கும் மூன்று முறை ஏவிச் சராசரி எடுங்கள். திடலோரம் செம்பனை இருந்தால் அந்தப் பக்கம் ஏவாதீர்கள், தேடியே நேரம் போயிடும்!

கீறல் விழுந்த போத்தல் வேண்டாம். பம்ப் அடிக்கும்போது யாரும் போத்தலுக்கு மேலே குனியக்கூடாது.