மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற பற்சில்லுகளைத் தெரிந்தெடுத்தல்

நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் கொண்டுசெல்வதற்குக் கமக்காரர் பலர் மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்துகின்றனர். பாரத்துடன் மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்க மாட்டாது திணறுவதுண்டு. அவ்வேளையில் கிளச்சை அரைகுறையாகப் பிடித்து ஓட்டினால் அதன் தட்டுகள் விரைவிற் கருகிவிடும். சங்கிலி ஓடும் பற்சில்லுகளைத் தக்கவாறு தெரிந்தெடுப்பதால் இக்குறையை ஓரளவு நீக்கலாம்.

விகிதம்

கடைகளில் ஸ்புரொக்கட் எனப்படும் பற்சில்லுகள் இரண்டு உள. இயந்திரத்தின் பக்கத்திலுள்ளது சிறியது. பின்சில்லுடன் பூட்டப்பட்டுள்ளது பெரியது. பெரியதன் பற்களைச் சிறியதன் பற்களால் வகுக்க வருவதே விகிதமாகும். உதாரணமாக, 42ஐ 14ஆல் வகுக்க 3 வரும். அதாவது, முன்பற்சில்லு மூன்று முறை சுழல, பின்சில்லு ஒரு முறை சுழலும். விகிதம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும்.

14 பற்களுக்குப் பதிலாக 13 பற்களுள்ளதை முன்னே பூட்டினால் விகிதம் 3.23 ஆகும். இழுவை நூற்றுக்கு 8 பங்களவில் கூடும். முன்னர் மணிக்கு 50 கிலோமீற்றர் ஓடிய வண்டி, அதே கியரிலும் அதே இயந்திரச் சுழற்சியிலும் 46 கிலோமீற்றரளவே ஓடும். பின்பற்சில்லை 42இலிருந்து 45 ஆக்கினாலும் ஏறக்குறைய இதே பயன் கிடைக்கும்.

எவருக்கு எது ஏற்றது?

நுவரெலியா, வெலிமடை போன்ற மலைப்பாங்கான இடங்களில் அடிக்கடி பாரம் ஏற்றுவோருக்கு விகிதத்தைச் சிறிது கூட்டுதல் நன்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி போன்ற சமதரையில் ஓட்டுவோருக்கு வண்டியுடன் வந்த பற்சில்லுகளே போதும். அங்கு விகிதத்தைக் கூட்டினால் இயந்திரம் வீணே அதிகம் சுழன்று பெற்றோல் செலவு கூடும்.

முன்பற்சில்லை மாற்றுதல் செலவு குறைந்தது. ஆயினும் அது மிகச் சிறிதாயின் சங்கிலி கூடுதலாக வளைந்து விரைவில் தேயும். ஆகவே முன்னே ஒரு பல்லுக்கு மேற் குறைத்தலாகாது.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

1. சங்கிலியின் இலக்கத்தைப் பார்த்து வாங்குக. 420, 428 ஆகிய இரண்டிலும் கண்ணிகளின் இடைத்தூரம் 12.7 மில்லிமீற்றரே, ஆனால் அகலம் வேறு. ஒன்றுக்குரியதை மற்றொன்றுடன் சேர்த்தலாகாது.

2. பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் இரு பற்சில்லுகளையும் சங்கிலியையும் ஒருங்கே மாற்றுக. தேய்ந்த சங்கிலி புதிய பற்களையும் கெடுக்கும்.

3. முன்னே ஒரு பல் குறைந்தால் இச்சங்கிலிகளில் பின்சில்லை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் பின்னே நகர்த்தவேண்டும். பின்னே மூன்று பல் கூடினால் 10 மில்லிமீற்றரளவு முன்னே நகர்த்தவேண்டும். சங்கிலியின் தளர்வு வண்டியின் கைந்நூலிற் கூறியவாறு இருத்தல் வேண்டும்.

பணம் செலவழிக்குமுன் டயரின் காற்று, பிரேக்கின் இறுக்கம், சங்கிலியிற் படிந்த வயற்சேறு ஆகியவற்றைக் கவனிக்க. இவையே இழுவைக் குறைவுக்குக் காரணமாயிருத்தலுங் கூடும்.

எச்சரிக்கை

பற்சில்லை மாற்றுவதால் வண்டி தாங்கக்கூடிய பாரம் கூடிவிடுவதில்லை. பிரேக்கும் டயரும் முன்போன்றனவே. ஏறிய பாரம் இறங்கவும் வேண்டும். இறக்கத்தில் நிறுத்த முடியாத பாரம் உயிருக்கே ஆபத்தாகும். கைந்நூல் அனுமதிக்கும் பாரத்துக்கு மேற்படுமாயின் இரு முறையாகக் கொண்டுசெல்க. இறக்கத்தில் கீழ்க் கியரிலேயே ஓட்டுக.