ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்பது தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலையும் சர்க்கரையையும் மட்டுமே கொண்டு செய்யப்படும் இனிப்பு வகையாகும். 2019 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆண்டாள் கோயிலுக்கு வருவோரும், மதுரையிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தென்காசி, குற்றாலம் செல்வோரும் இதனை வாங்கிச் செல்வது வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் செய்த அன்றே எடைபோட்டு விற்கப்படும் பால்கோவாவும், பொதியில் அடைக்கப்பட்டுத் தொலைவிலுள்ள ஊர்களின் பல்பொருள் அங்காடிகளிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் கிடைக்கும் பால்கோவாவும் சுவையிலும் தன்மையிலும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி கலப்படத்தாலும், மற்றொரு பகுதி பாலின் இயல்பாலும் ஏற்படுகிறது.

புவியியல் பின்னணி

ஸ்ரீவில்லிபுத்தூரும் அதன் தென்மேற்கிலுள்ள இராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளன. இரண்டும் விருதுநகர் – செங்கோட்டை தொடருந்துப் பாதையில் அடுத்தடுத்து வரும் நகரங்கள். இராஜபாளையம் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாத் தொழில் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கறவை மாடுகளைச் சார்ந்தது. இந்நகரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும் தனியார் கடைகளும் பால்கோவா தயாரித்து விற்கின்றன.

செய்முறை

அகன்ற இரும்புச் சட்டியில் பாலைக் காய்ச்சி, சர்க்கரை சேர்த்து, நீர் பெரும்பகுதி ஆவியாகும் வரை அடிப்பிடிக்காமல் தொடர்ந்து கிளறுவதே செய்முறையின் அடிப்படை. விறகு அடுப்பில் செய்வது மரபான முறை. பெரிய பால் பதப்படுத்தும் நிலையங்களில் நீராவியால் சூடாக்கப்படும் இரட்டைச் சுவர்க் கலன்களும் பயன்படுகின்றன. பாலின் புரதங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிவதால் (மயிலார்டு வினை) இளம்பழுப்பு நிறமும் தனி மணமும் உண்டாகின்றன. தென்னமெரிக்காவில் பாலையும் சர்க்கரையையும் காய்ச்சிச் செய்யப்படும் துல்சே தெ லெச்சே என்னும் இனிப்பின் நிறத்துக்கும் இதே வினையே காரணம்.

ஒரு கிலோகிராம் பால்கோவாவுக்கு எவ்வளவு பால் தேவை என்பதைக் கணக்கிட்டு அறியலாம். 10 லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 10.3 கிலோகிராம். அதில் 13 விழுக்காடு திடப்பொருள் எனக் கொண்டால் சுமார் 1.3 கிலோகிராம் கிடைக்கும். இதனுடன் 1.25 கிலோகிராம் சர்க்கரை சேர்த்தால் மொத்தத் திடப்பொருள் 2.55 கிலோகிராம். முடிவில் 20 விழுக்காடு ஈரம் எஞ்சினால், கிடைக்கும் பால்கோவா சுமார் 3.2 கிலோகிராம் ஆகும். அதாவது எட்டு கிலோகிராமுக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோகிராம் பால்கோவாவுக்கு மூன்று லிட்டருக்குச் சற்று அதிகமான பால் செலவாகும்.

சர்க்கரையின் அளவை 2.5 கிலோகிராமாக உயர்த்தினால், அதே பாலில் ஏறத்தாழ 4.75 கிலோகிராம் பால்கோவா கிடைக்கும். அப்போது ஒரு கிலோகிராமுக்குத் தேவைப்படும் பால் சுமார் இரண்டு லிட்டராகக் குறைந்துவிடுகிறது. மூன்று லிட்டர் பாலின் விலையைவிடக் குறைவாக ஒரு கிலோகிராம் பால்கோவா விற்கப்படுமானால், பாலுக்குப் பதிலாக வேறொன்று அதில் கூடியிருக்கிறது எனக் கொள்ளலாம். அது சர்க்கரையாகவோ, பால்மாவாகவோ, மாவுப்பொருளாகவோ, வனஸ்பதியாகவோ இருக்கலாம்.

நாட்பட்ட பால்கோவாவில் ஏற்படும் மாற்றங்கள்

மணல்தன்மை: சில நாட்கள் சென்ற பால்கோவா நாவில் நறநறவென்று இருப்பதுண்டு. இதைக் கலப்படம் எனப் பலர் கருதுகின்றனர். இதன் பொதுவான காரணம் பாலில் இயற்கையாக உள்ள லாக்டோசு என்னும் சர்க்கரை ஆகும். மேற்கண்ட கணக்கின்படி 3.2 கிலோகிராம் பால்கோவாவில் ஏறத்தாழ அரை கிலோகிராம் லாக்டோசும் 0.64 கிலோகிராம் நீரும் உள்ளன. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் 20 கிராம் அளவிலேயே லாக்டோசு கரையும். இங்கோ 100 கிராம் நீருக்கு 70 கிராமுக்கு மேல் இருக்கிறது. எனவே மிகுதியான லாக்டோசு நாளடைவில் கடினமான படிகங்களாகப் பிரிகிறது. குளிர்பதனப் பெட்டியில் அதன் கரைதிறன் மேலும் குறையும். புதிய பால்கோவாவில் காணப்படும் மென்மையான திரள்கள் பால் புரதத்தால் ஆனவை. அவை பல்லில் கடிபடாமல் கரையும்.

பூஞ்சை: பால்கோவாவைச் சூடாக இருக்கும்போதே மூடி அடைத்தால், நீராவி மூடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து மீண்டும் மேற்பரப்பில் விழும். அந்த ஈரத்தில் பூஞ்சை எளிதில் வளரும். ஆகவே ஆறிய பின்னரே அடைக்க வேண்டும்.

காறல்: பால் கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிவதால் காறல் வாடை உண்டாகிறது. ஒளியும் வெப்பமும் இதனை விரைவுபடுத்தும்.

நுண்ணுயிர் நச்சு: நீண்ட நேரம் காய்ச்சுவதால் பாலிலுள்ள பெரும்பாலான நுண்ணுயிர்கள் அழிகின்றன. ஆனால் பின்னர் கையாள்வோரின் கைகளிலிருந்து ஸ்டஃபிலோகாக்கசு ஆரியசு என்னும் பாக்டீரியா சேரக்கூடும். இது உண்டாக்கும் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் எளிதில் அழிவதில்லை.

கடைப் பால்கோவாவும் பொதிப் பால்கோவாவும்

செய்த அன்று விற்கப்படும் பால்கோவாவின் முதன்மையான சிறப்பு காலமே ஆகும். லாக்டோசு படிகமாவதற்கும் கொழுப்பு காறுவதற்கும் முன்னரே அது உண்ணப்படுகிறது. விற்பனை வேகமாக நடைபெறும் ஊரில் மட்டுமே இது இயலும். எனினும், திறந்த தட்டில் வைத்து வெறுங்கையால் எடுத்துத் தரப்படும் பால்கோவா, நன்கு அடைக்கப்பட்ட பொதியைவிடப் பாதுகாப்பானது என்று கூற முடியாது.

பொதியின் சிறப்பு அதன் மேலுள்ள சிட்டை ஆகும். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த நாள், பயன்படுத்தத்தக்க காலம், உட்பொருட்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை அதில் காணலாம். உட்பொருட்கள் எடையின் இறங்கு வரிசையில் குறிக்கப்பட வேண்டும் என்பதால், பால் முதலிடத்திலும் சர்க்கரை அடுத்த இடத்திலும் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. பயன்படுத்தத்தக்க காலம் மிக நீண்டதாக இருந்தால், சர்க்கரை மிகுதியாகவோ ஈரம் மிகக் குறைவாகவோ இருக்கலாம். பாதுகாப்புப் பொருளும் சேர்க்கப்பட்டிருக்கலாம். பொதியில் அடைக்காமல் விற்கப்படும் இனிப்புகளுக்கும் பயன்படுத்தத்தக்க நாளைக் கடையில் காட்சிப்படுத்த வேண்டும் என்னும் விதி 2020 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

கலப்படமும் எளிய சோதனையும்

எடையைக் கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் மாவுப்பொருளை வீட்டிலேயே கண்டறியலாம். சிறிதளவு பால்கோவாவை நீரில் கொதிக்க வைத்து, நன்கு ஆறிய பின்னர் இரண்டு அல்லது மூன்று துளி அயோடின் கரைசல் இட வேண்டும். நீல நிறம் தோன்றினால் மாவுப்பொருள் உள்ளது எனப் பொருள். பால் கொழுப்புக்கு மாற்றாக வனஸ்பதி சேர்க்கப்பட்டிருப்பதை ஆய்வகச் சோதனையால் அறியலாம். பால்மாவும் மிகுதியான சர்க்கரையும் உடல்நலத்துக்கு உடனடிக் கேடு தருவன அல்ல. ஆயினும் விலைக்கேற்ற பாலை வாங்குவோர் பெறுவதில்லை.

புவிசார் குறியீடு

இந்தியாவில் பொருட்களின் புவிசார் குறியீடு (பதிவும் பாதுகாப்பும்) சட்டம் 1999 இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னையில் உள்ளது. பழனி பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019 இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020 இலும் இக்குறியீட்டைப் பெற்றன. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம். பொய்யான புவிசார் குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 உரூபாய் முதல் இரண்டு இலட்சம் உரூபாய் வரை தண்டமும் விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது.

புவிசார் குறியீடு ஒரு பொருளின் பெயரையும் அது உருவாகும் இடத்தையும் இணைத்துப் பாதுகாக்கிறது. ஒவ்வொரு பொதியின் தரத்துக்கும் அது உறுதிச்சான்று அன்று. பதிவேட்டில் வரையறுக்கப்பட்ட நிலப்பரப்புக்கு வெளியே ஒருவர் அதே முறையில், நல்ல பாலில், சிறந்த பால்கோவா செய்யலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அதனை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்று விற்க இயலாது. அவ்வாறே, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பில் செய்யப்பட்டது என்பதாலேயே சர்க்கரை மிகுந்த பால்கோவா நல்ல பால்கோவா ஆகிவிடாது.

பெயர் தவறாகப் பயன்படுத்தப்படும்போது முதலில் இழப்புக்குள்ளாவோர் பால் உற்பத்தியாளர்களே. ஒரு கிலோகிராம் உண்மையான பால்கோவா மூன்று லிட்டர் பாலுக்குச் சந்தையாக அமைகிறது. அதன் இடத்தில் மாவும் சர்க்கரையும் விற்கப்பட்டால், இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்திடமிருந்து அந்தப் பால் வாங்கப்படாமல் போகிறது.

வாங்குவோர் கவனிக்கத்தக்கவை

* தயாரிப்பாளரின் முகவரி. பொதியின் முகப்பிலுள்ள ஊர்ப் பெயர் மட்டும் போதாது.
* தயாரித்த நாளும் உட்பொருட்களின் வரிசையும்.
* மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் இல்லாமை.
* வெண்மைக்குப் பதிலாக இளம்பழுப்பு நிறம்.
* பால் விலையோடு ஒப்பிடத்தக்க விலை.