பட்டாசு ஆலையின் ‘வெளி இடம்’ ஏன் முக்கியம்? குறைந்த செலவில் என்னவெல்லாம் செய்யலாம்? - முழு விவரம்

வெம்பக்கோட்டை என்றதும் இப்போது பலருக்கு ஞாபகம் வருவது விஜயகரிசல்குளத்தில் 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வுதான். ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு அந்த ஊரைச் சுற்றி முதலில் கண்ணில் படுவது வேறு. கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள். பட்டாசு ஆலைகள்.

வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு இடத்தை சும்மா விட மாட்டார்கள். இங்கே அந்தச் சும்மா கிடக்கும் இடம்தான் பாதுகாப்பு. ஒரு அறையில் தீப்பிடித்தால் அது அடுத்த அறைக்குத் தாவாமல் இருக்கவே இந்த இடைவெளி. அந்த இடத்தைச் சரியாக வைத்துக்கொள்ள லட்சக்கணக்கில் செலவு ஆகுமா? பெரும்பாலும் இல்லை.

முதலில் புல்... அப்புறம்தான் பூச்செடி!

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்போது அறைகளைச் சுற்றி முழங்கால் அளவு புல் நிற்கும். பச்சையாக இருக்கும்போதே அதை அறுத்துவிட்டால் வேலை சுலபம். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால் மாசி, பங்குனியில் அதுவே சருகாகி தீ ஓடும் பாதையாக மாறிவிடும். வேப்ப மரம் இலையைக் கொட்டுவதும் அதே மாசி, பங்குனியில்தான் என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

செலவு என்று பார்த்தால் சில நாள் ஆள் கூலிதான். ஆனால் செய்யும் முறையில் கவனம் வேண்டும். அறுத்த புல்லை வளாகத்துக்குள் குவித்துக் கொளுத்தவே கூடாது. சருகைக் கூட்ட தென்னை விளக்குமாறு போதும். இரும்பு வாரி கல்லில் உரசினால் பொறி பறக்கும். ‘ஆட்டை விட்டு மேய்த்தால் கூலியும் மிச்சமே’ என்று சிலர் கேட்கலாம். பேரியம் நைட்ரேட் போன்ற ரசாயனம் சிந்திய மண்ணில் முளைத்த புல் அது. ஆட்டுக்கும் நல்லதில்லை, அதைச் சாப்பிடும் ஆளுக்கும் நல்லதில்லை.

பாதையில் சரளைக் கல் போடலாமா?

கடை, ஹோட்டல், கம்பெனி வாசல் என்றால் ஒரு லோடு சரளை அடித்துவிட்டால் பார்க்க அழகு, செலவும் கம்மி. பட்டாசு ஆலையில் அறை வாசலுக்குப் பக்கத்தில் அதைச் செய்யக் கூடாது. காலில் ஒட்டி உள்ளே போகும் ஒரு சின்னக் கல் துணுக்கு, தரையில் சிந்திய மருந்தோடு உரசினாலே போதும். கரிசல் மண் சேறும் அப்படித்தான். மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொண்டு வரும். அது காய்ந்து உதிர்ந்தால் தரையெல்லாம் மண்.

அதனால் கேட்டிலிருந்து அறைகளுக்கு ஒரு வழுவழுப்பான சிமென்ட் நடைபாதை, அறைக்கு முன்னால் கால் கழுவ ஒரு குழாய், அந்தத் தண்ணீர் அறைப் பக்கம் திரும்பாமல் ஓட ஒரு சின்ன வாய்க்கால். இந்த மூன்றும்தான் வெளிப்புறத்தில் செய்யக்கூடிய உருப்படியான செலவு. வாய்க்கால் ஏன்? அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். முதல் நாள் மீதம் வைத்த மருந்து மறுநாள் காலையில் வெடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே காரணத்துக்காகத்தான் அறைக்கு வெளியே தண்ணீர் வாளி மட்டும் தொங்கினால் போதாது. உலோகப் பவுடரில் பிடித்த தீக்கு காய்ந்த மணல்தான் மருந்து. மணல் வாளிக்கு ஒரு மூடி போடுங்கள். மழையில் நனைந்து கட்டியான மணலை அவசரத்துக்கு அள்ள முடியாது.

நிழல் வேண்டும்... ஆனால் எங்கே?

இங்கேதான் சிக்கலே. வெம்பக்கோட்டை வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களில் பெண்கள் அதிகம். மதியச் சோற்றுக்கு உட்கார நிழல் கேட்பது நியாயம்தான். 150 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஓய்வறையும் சாப்பாட்டு அறையும் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சின்ன ஆலைகளில், அதிலும் டி.ஆர்.ஓ. உரிமத்தில் ஓடும் யூனிட்டுகளில் அவ்வளவு ஆட்கள் இருக்க மாட்டார்கள். அங்கே மரத்தடிதான் சாப்பாட்டு அறை.

ஆனால் சீசன் நேரத்தில் அதே மரத்தடி ‘கூடுதல் அறை’ ஆகிவிடும். ஒரு அறையில் 4 பேர் என்ற கணக்கில் ஆர்டர் முடியாது என்றதும், திரி வைப்பது, மருந்து செலுத்துவது எல்லாம் வெளியே நிழலுக்கு வந்துவிடுகிறது. தகரக் கொட்டகை போட்டாலும் இதே கதைதான். உரிமம் வாங்கும்போது கொடுத்த வரைபடத்தில் இல்லாத எந்தக் கட்டுமானத்துக்கும் முன் அனுமதி வேண்டும். ‘சும்மா நிழலுக்குத்தான் போட்டோம்’ என்ற பதில் ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் செல்லாது.

அப்படியானால் வழி? மருந்து அறைகள், உலர்த்தும் களம் இரண்டிலிருந்தும் நன்றாகத் தள்ளி, கேட் பக்கமாக இரண்டு புங்கை மரம். கீழே உட்கார ஒரு திண்ணை, பக்கத்தில் குடிதண்ணீர், கழிப்பறை. அந்த இடத்துக்கு மருந்தோ, திரியோ, அரைகுறை வெடியோ வரக் கூடாது. கன்று வளர சில வருஷம் ஆகும், அதுவரை கொட்டகை தேவை என்றால் அனுமதி வாங்கிப் போடலாம்.

வேலி யாருக்காக?

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்களே இல்லை. புகையைப் பார்த்து, காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் வெடிப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து நெருங்கியவர்கள்.

சுற்றிலும் கம்பி வேலியும், ஆள் நிற்கும் கேட்டும் இதற்காகத்தான். சீமைக் கருவேல முள்ளை வெட்டி அடைத்தால் காசு மிச்சம். ஆனால் காய்ந்த முள் எரியும். உள்ளே இருப்பவர் தப்பி ஓடவும் விடாது. வேலை நேரத்தில் எந்த கேட்டுக்கும் பூட்டு இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் இன்னொரு வழியும் வேண்டும். லோடு ஏற்ற வரும் வண்டி அந்த வழியை அடைத்துக்கொண்டு நிற்பது பல இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. வண்டி நிற்கும் இடத்தைச் சுண்ணாம்பு கோடு போட்டுப் பிரித்தால் அந்தப் பிரச்சனை தீரும். செலவு? ஒரு மூட்டை சுண்ணாம்பு.

பெயிண்ட் டப்பா ஒன்று போதும்

ஒவ்வொரு அறை வாசலிலும் அது எதற்கான அறை, எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று எழுதியிருக்க வேண்டும். பல ஆலைகளில் எழுத்து வெயிலில் வெளுத்துப்போய் இருக்கும். புதுசாக எழுதினால் முதலில் பயன்படுவது தொழிலாளிக்குத்தான். ‘நாலு பேருன்னு போட்டிருக்கு, அஞ்சாவது ஆளா என்னை உக்கார வைக்காதீங்க’ என்று போர்மேனிடம் சொல்ல அவருக்கு ஒரு ஆதாரம் கிடைக்கிறது.

2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானபோது பெரிதாகப் பேசப்பட்டது உள்குத்தகை. ஒரே உரிமத்தில் பல பேர் அறைகளைப் பிரித்து எடுத்து நடத்தியிருந்தார்கள். அப்படி நடக்கும் இடத்தில் அறை உள்ளே அவரவர் பொறுப்பு. நடுவில் இருக்கும் புல்லும், சருகும், கழிவுக் குழியும் யார் பொறுப்பு? கேட்டால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். குத்தகைக்கு விடுவதே உரிம விதிக்கு எதிரானது என்பது தனி. உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ, வெளியே கிடக்கும் ஒவ்வொரு அடி நிலத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.