மலாய்க் கடலோரம் – 9: கண்டலும் குகையும்

சென்ற வாரம் லங்காவித் தீவின் வடகிழக்கே, கிலிம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் நின்றோம். 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஸ்தாபனம் புவிப் பூங்காவாக அங்கீகரித்த இத்தீவுக் கூட்டத்தில், 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சமுத்திரத்தின் அடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல், இன்று கண்டல் மரங்களின் வேர்க்காலில் செங்குத்தான குன்றுகளாக எழுந்து நிற்கிறது. அக்குன்றுகளில் ஒன்றின் வயிற்றில் இருப்பதுதான் ‘குவா கெலாவார்’ என்னும் வௌவால் குகை.

படகுத்துறையிலிருந்து பலகைப் பாதை வழியே எங்களை நடத்திச் சென்ற மலாய் வழிகாட்டி, வாயிலிலேயே நிறுத்தி, பேச்சைக் குறைக்குமாறும், டார்ச் வெளிச்சத்தைக் காலடிக்கு மேலே உயர்த்த வேண்டாமென்றும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். குனிந்துதான் உள்ளே செல்ல வேண்டும். ஓரிடத்தில் அவர் சுட்டிய சுவரில், கல்லோடு கல்லாகப் பழைய சிப்பி ஓடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. முன்னொரு யுகத்தில் கடல்மட்டம் அவ்வளவு உயரத்தில் இருந்ததற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேண்டியதில்லை. எச்சத்தின் காரமான நெடி மூக்கில் ஏறிய பிறகே, தலைக்கு மேலிருந்த கருமை கல்லின் கருமையன்று, சிறகைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு நெருக்கியடித்துத் தொங்கும் உயிர்களின் கருமை என்பது புலனாயிற்று. அவற்றில் ஒன்று கண் விழித்து, காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, மறுபடியும் முகத்தைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

மலேசியாவின் சுண்ணாம்புக் குகைகளில் வாழும் வௌவால்களுள் மலர்த்தேனையும் மகரந்தத்தையுமே ஆகாரமாகக் கொண்ட ஓர் இனம் உண்டு. நீண்டு, நுனியில் தூரிகை போன்றிருக்கும் அதன் நாக்கைச் சிருஷ்டியின் விசேஷங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். பூச்சியுண்ணும் வௌவால்களைப் போலத் தொண்டையிலிருந்து ஒலியெழுப்பி வழியறியும் சக்தி இதற்கில்லை. ஆயினும் காரிருளில் பறக்கையில் தன் சிறகுகளாலேயே ‘டக் டக்’கென்று ஓசை செய்து, எதிரொலியைக் கேட்டு ஓரளவு வழி கண்டுகொள்கிறது என்று 2014இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

தைப்பூசத்தன்று நம்மவர் காவடியெடுத்து ஏறும் பத்துமலைக் குன்றின் குகைகளிலும் இவ்வினம் வாழ்கிறது. 1970களில் அங்கே இவற்றை ஆராய்ந்த ஸ்டார்ட் என்பவர், இவை உண்ட மகரந்தத்தைச் சோதித்தபோது, கடலோரச் சதுப்பில் வளரும் ‘பெரெம்பாங்’ இனக் கண்டல் மரங்களின் மகரந்தம் அதில் இருக்கக் கண்டார். உணவுக்காக இவை 38 கிலோமீட்டர் தொலைவு வரை பறந்து செல்கின்றன என்பது அப்போது தெரியவந்தது.

இவ்வௌவால்கள் தேனுண்ண நாடிச் செல்லும் டுரியான் பழமரம் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை; பூக்கும் காலத்திலும், மாலையில் விரியும் மலர் அவ்விரவிலேயே கேசரங்களை உதிர்த்துவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் ஒரு மரத்தின் மகரந்தத்தை வேறொரு மரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இந்த வௌவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. மற்ற மாதங்களில் அதன் பசியைத் தீர்ப்பவற்றுள் கடலோரக் கண்டலின் இரவுப் புஷ்பங்கள் முக்கியமானவை. ஆகவே, இறால் பண்ணைக்காகக் கண்டலை வெட்டினாலும், சிமெண்டுக்காகக் குகையுள்ள குன்றை உடைத்தாலும், நஷ்டம் எங்கோ உள்நாட்டில் இருக்கும் டுரியான் தோட்டத்தில் போய் விழுகிறது. விடியலில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கண்டு, வௌவாலே அவற்றை நாசம் செய்தது என்று கோபிக்கும் தோட்டக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

லங்காவிக்குப் பிரயாணம் செய்யும் வாசகர்கள், வழிகாட்டியின்றி அக்குகைக்குள் நுழைய வேண்டாம். படம் எடுப்பதானால் பிளாஷ் விளக்கை அணைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும் தாய் வௌவால்கள், மிரண்டு பறக்கும் நெரிசலில் மார்பிலிருக்கும் குட்டியைத் தவறவிடக்கூடும்.