யூமா நகரின் குளிர்கால விருந்தாளிகள்: வீட்டு வாகனக் கழிவை எங்கே இறக்குவது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது யூமா நகரம். கொலராடோ ஆற்றைக் கடந்தால் அக்கரை கலிபோர்னியா. தெற்கே சற்றுத் தொலைவு போனால் மெக்சிகோ. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் இந்த நகரம், உலகிலேயே அதிக வெயில் காயும் நகரங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் மழை தேறாது. நம் நாட்டில் சில நாள்களில் கொட்டிவிடும் மழை அது.

ஜூலையில் இங்கே வெப்பம் 42 டிகிரியைத் தொடும். ஜனவரியில் பகல் வெப்பம் 21 டிகிரி அளவில் இதமாக இருக்கும். அந்த இதத்தைத் தேடித்தான் கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பணி ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 'பனிப்பறவைகள்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். அந்த மாதங்களில் நகரின் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும் என்பார்கள். வருகிறவர்களில் பலர் ஹோட்டலில் தங்குவதில்லை. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 'ஆர்.வி.' எனும் வீட்டு வாகனத்தோடு வந்து இறங்குகிறார்கள்.

வீடு எங்கே போனாலும் கழிவறையும் கூடவே போகிறது. அது நிறைந்தால் எங்கே கொட்டுவது? யூமாவுக்கு முதல் முறை வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதுதான். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் இடத்தில் ஒரு வாரத்திற்கு வீட்டு வாகனத்தை வாடகைக்கு எடுக்க நினைக்கும் மலேசியக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். வாடகை நிறுவனத்தின் விளம்பரத்தில் மலைகளும் சூரிய அஸ்தமனமும்தான் வரும். கழிவுக் குழாய் வராது.

மூன்று தொட்டிகள்

வீட்டு வாகனத்தின் அடியில் பெரும்பாலும் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, குளியலறையிலிருந்தும் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்தும் வரும் அழுக்கு நீருக்கு. இதைச் சாம்பல் நீர்த் தொட்டி என்கிறார்கள். மூன்றாவது கழிவறைத் தொட்டி. அதற்குக் கறுப்பு நீர்த் தொட்டி என்று பெயர்.

கறுப்பு நீர்த் தொட்டி பொதுவாக 75 முதல் 150 லிட்டர் வரை கொள்ளும். கணவன் மனைவி இருவர் மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்தினால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டால் நாலைந்து நாளில் நிறைந்துவிடும். தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் விளக்கு உள்ளே இருக்கும். ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. உள்சுவரில் காகிதம் ஒட்டிக்கொண்டால், காலியான தொட்டியையும் நிறைந்ததாகக் காட்டும். அனுபவசாலிகள் விளக்கைப் பார்ப்பதைவிட நாள்களை எண்ணிக்கொள்வதையே நம்புகிறார்கள்.

இந்தக் கழிவை இறக்குவதற்கென்றே கட்டப்பட்ட இடம்தான் 'டம்ப் ஸ்டேஷன்' எனப்படும் கழிவு இறக்கும் நிலையம். பெயரைக் கேட்டு ஏதோ பெரிய கட்டடம் என்று எண்ண வேண்டாம். சிமெண்டுத் தளம், நடுவில் மூடியோடு ஒரு துவாரம், பக்கத்தில் கழுவ ஒரு குழாய், அவ்வளவுதான். துவாரத்துக்குக் கீழே நகரின் கழிவுநீர்க் குழாயோ மலக்குழியோ இருக்கும். சாலையோரத்தில் நீல நிறப் பலகையில் ஒரு வாகனமும், அதன் அடியிலிருந்து கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் வரைந்திருந்தால் இடம் அருகில் இருக்கிறது என்று பொருள்.

எங்கே தேடுவது?

யூமாவில் இதற்கு நாலைந்து வழிகள் உண்டு. பணம் கொடுக்கத் தயங்காதவர்களுக்கு எளிய வழி, வீட்டு வாகனப் பூங்காக்கள். நகரைச் சுற்றி இவை ஏராளம். அங்கேயே வாடகைக்கு இடம் பிடித்துத் தங்கினால், வாகனம் நிற்கும் இடத்திலேயே கழிவுக் குழாய் இணைப்பு இருக்கும். தேடி அலைய வேண்டியதில்லை. தங்காதவர்களையும் சில பூங்காக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கின்றன. சில அனுமதிப்பதில்லை. போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிடுவது பெட்ரோலையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

அடுத்தது நெடுஞ்சாலையோரத்து எண்ணெய் நிலையங்களும் லாரிகள் நின்று போகும் பெரிய நிலையங்களும். யூமா வழியாகச் செல்லும் 8ஆம் எண் நெடுஞ்சாலை, மேற்கே சான் டியேகோவுக்கும் கிழக்கே பீனிக்ஸ் செல்லும் பாதைக்கும் இணைப்பு. இந்த வழித்தடத்தில் சில நிலையங்களில் கழிவு இறக்கும் வசதி உண்டு. சில இடங்களில் எண்ணெய் நிரப்பினால் கட்டணம் குறையும். ஆனால் எல்லா நிலையத்திலும் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. யாராவது துவாரத்தில் குப்பையைப் போட்டு அடைத்துவிட்டாலோ, தளத்தை அசிங்கப்படுத்திவிட்டுப் போனாலோ, நிலையக்காரர் ஒருநாள் பொறுப்பார், இரண்டு நாள் பொறுப்பார், பிறகு பூட்டுப் போட்டுவிடுவார். சனிடம்ப்ஸ், ஐஓவர்லேண்டர் போன்ற இணையத்தளங்களிலும் செயலிகளிலும் இடங்களின் பட்டியல் கிடைக்கும். அதில் முகவரியைவிட, கடைசியாகப் போனவர் எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார் என்பதைப் பார்ப்பதே முக்கியம்.

பாலைவனத்தில் மலிவாகத் தங்க விரும்புகிறவர்கள் நாடுவது அரசு நிலத்தை. அமெரிக்கக் கூட்டரசின் நில நிர்வாகத் துறை, 1983 முதல் 'நீண்டகால வருகையாளர் பகுதி' என்ற பெயரில் சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. செப்டம்பர் 15 தொடங்கி ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்கலாம். இதற்கான கட்டணம் பல ஆண்டுகளாக 180 டாலராக இருந்து வந்தது; 14 நாளுக்கு மட்டும் என்றால் 40 டாலர். புறப்படுமுன் நடப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மாத வாடகையே பல நூறு டாலர் கேட்கும் தனியார் பூங்காக்களோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு.

யூமாவுக்கு வடக்கே, ஆற்றின் கலிபோர்னியாக் கரையில் இருக்கும் இம்பீரியல் அணைப் பகுதி அவற்றில் ஒன்று. அங்கே தண்ணீரும் உண்டு, கழிவு இறக்கும் நிலையமும் உண்டு. சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே குவார்ட்சைட் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லா போசா பகுதியிலும் இந்த வசதிகள் இருக்கின்றன. ஆனால் யூமாவுக்கு மேற்கே உள்ள பைலட் நாப் பகுதியில் வெறும் சரளைத் தரைதான். அங்கே தங்குகிறவர்கள் தங்கள் அனுமதிச்சீட்டைக் காட்டி இம்பீரியல் அணைக்குப் போய்க் கழிவை இறக்கிவர வேண்டும். அதனால்தான் கழிவைத் தேக்கிவைக்கத் தொட்டி பொருத்தாத வாகனங்களுக்கு அத்தகைய இடங்களில் அனுமதி இல்லை.

கலிபோர்னியாப் பக்கம் போகிறவர்கள் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். அரிசோனாவின் பெரும்பகுதி கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கோடையில் இரண்டு கரையிலும் ஒரே நேரம்.

வாகனத்தை நகர்த்தவே சோம்பல்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சக்கரம் வைத்த சிறு பிளாஸ்டிக் தொட்டியில் கழிவை இறக்கி, அதை மட்டும் இழுத்துக்கொண்டு போய்க் கொட்டலாம். இல்லையென்றால் உறிஞ்சும் லாரியை வரவழைக்கலாம். நம் ஊரில் மலக்குழியைச் சுத்தம் செய்ய இண்டா வாட்டர் லாரி வருவதுபோல, அங்கே தனியார் லாரி பாலைவனத்துக்குள் வந்து கழிவை உறிஞ்சிக்கொண்டு போகும். அமெரிக்கர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'தேன் வண்டி'. பழைய தோட்டப்புற லயங்களில் வாளிக் கழிவறைக் காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இந்தப் பெயர் சிரிப்பை வரவழைக்கலாம்.

பாலைவனம்தானே, ஓரமாகக் கொட்டினால் என்ன?

இப்படி நினைப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். கூட்டரசு நிலத்தில் வாகனக் கழிவறை நீரைத் தரையில் விடுவது சட்டப்படி குற்றம். சாம்பல் நீர் குறித்த விதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதையும் தொட்டியிலேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆனால் யூமாவில் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் கீரை.

நவம்பரிலிருந்து மார்ச் வரை அமெரிக்கர்கள் சாப்பிடும் லெட்டூஸ், பசலை போன்ற இலைக்கீரைகளில் மிகப் பெரும்பகுதி யூமா வட்டாரத்திலும் பக்கத்து இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் விளைகிறது. மழையே இல்லாத ஊரில் இவ்வளவு பயிர் எப்படி? கொலராடோ ஆற்று நீர்தான். இம்பீரியல் அணையில் மடக்கப்படும் தண்ணீர், மூடியில்லாத கால்வாய்களில் ஓடி வயலுக்குப் போகிறது. பனிப்பறவைகள் வரும் மாதமும் கீரை அறுக்கும் மாதமும் ஒன்றே. அவர்கள் வாகனத்தை நிறுத்தும் இடமும் கால்வாயும் வயலும் அக்கம்பக்கம்.

2018இல் யூமா வட்டாரத்து ரொமெய்ன் லெட்டூசைத் தின்று அமெரிக்காவின் 36 மாநிலங்களில் 210 பேர் நோயுற்றனர். ஐவர் இறந்தனர். காரணம் ஈ.கோலி கிருமி. அதே கிருமியை வட்டாரத்தின் ஒரு பாசனக் கால்வாய் நீரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கண்டுபிடித்தது. கால்வாய்க்குப் பக்கத்தில் பெரிய மாட்டுப் பண்ணை இருந்தது. கிருமி கால்வாய்க்குள் எந்த வழியாக வந்தது என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. வீட்டு வாகனங்கள் மீது யாரும் குற்றம் சுமத்தவும் இல்லை. ஆனால் கால்வாயில் சேரும் அசுத்தம் எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதை அந்தச் சம்பவம் காட்டிவிட்டது. அதன்பின் கீரை விவசாயிகள் மாட்டுப் பண்ணையிலிருந்து விடவேண்டிய இடைவெளியைக் கூட்டினார்கள். அறுவடைக்கு முந்திய 21 நாளில் இலைமேல் படும் பாசன நீரைச் சுத்திகரித்தே விட வேண்டும் என்ற விதியும் வந்தது. வயலில் மனிதக் கழிவோ விலங்குக் கழிவோ தென்பட்டால் அந்தப் பகுதியை அறுக்காமல் விட்டுவிடுவார்கள். யாரோ ஒருவர் கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் குழாயைத் திறந்துவிட்டுப் போனால், நஷ்டம் விவசாயிக்கும் அந்த வரிசையில் அன்றைக்குக் குனிந்து அறுக்க வேண்டிய கூலித் தொழிலாளிக்கும்தான்.

மழை இல்லாத ஊர் என்பதால், கொட்டியது கரைந்து போகவும் போகாது. அப்படியே கிடந்து காயும். எப்போதாவது ஒரு பெருமழை வந்தால் வறண்ட ஓடைகளில் அடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

இறக்கும் முறை

வேலை பத்து, பதினைந்து நிமிடம்தான். கையுறை அணிந்து, மூன்று அங்குலக் குழாயின் ஒரு முனையை வாகனத்தோடும் மறுமுனையைத் துவாரத்தோடும் இறுகப் பொருத்த வேண்டும். முதலில் கறுப்பு நீர்த் தொட்டியைத் திறக்க வேண்டும். அது வடிந்தபின் சாம்பல் நீரைத் திறந்தால், சோப்பு கலந்த அந்த நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றினால் அசுத்தம் குழாயில் தங்கிவிடும். குடிக்கும் தண்ணீர்க் குழாயும் கழுவும் குழாயும் தனித்தனியாக இருக்கும். கழிவுக் குழாயைக் கழுவப் பயன்படும் குழாயில் ஒருபோதும் குடிநீர் பிடிக்கக் கூடாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பூங்காவில் இணைப்பு இருக்கிறதே என்று கறுப்பு நீர்த் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்து வைப்பது. நீர் மட்டும் ஓடிவிடும், திடக்கழிவு குவிந்து இறுகிவிடும். யூமா வெயிலில் அது காய்ந்தால் எடுப்பது பெரும்பாடு. வால்வை மூடிவைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தபின் ஒரேயடியாகத் திறப்பதுதான் சரி.

நாற்றத்தைப் போக்க ஊற்றும் மருந்திலும் கவனம் வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த மருந்துகளைத் தவிர்க்கும்படி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கேட்டுக்கொள்கிறது. நகருக்கு வெளியே உள்ள நிலையங்கள் பல மலக்குழியை நம்பி இயங்குபவை. குழிக்குள் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களை அந்த மருந்து கொன்றுவிடும். வீட்டுக் கழிவறையைவிட வாகனக் கழிவறையில் மிகக் குறைந்த நீரே ஊற்றப்படுவதால் கழிவும் கெட்டியாக இருக்கும், மருந்தும் அடர்த்தியாக இருக்கும்.

எல்லை கடந்து லாஸ் அல்கோடோனஸ் போகிறவர்களுக்கும் ஒரு சொல். யூமாவிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் இந்த மெக்சிகோ ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் பல் மருத்துவர்கள். சிங்கப்பூரிலிருந்து ஜொகூருக்குப் பல் பார்க்க வருவதுபோல, பனிப்பறவைகள் மலிவு விலைக்காக அங்கே போகிறார்கள். வாகனத்தை மெக்சிகோவுக்குள் ஓட்டிப்போகத் தனிக் காப்புறுதி தேவை. ஆகவே பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம், குவெச்சான் பூர்வகுடியினர் நடத்தும் வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்தே கடக்கிறார்கள். திரும்பி வரும்போது குடிநுழைவு வரிசை சில நாள்களில் மணிக்கணக்கில் நீளும். யூமாவிலிருந்து வடக்கேயும் கிழக்கேயும் போகும் சாலைகளிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. மலேசியர்கள் கடப்பிதழைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் நெருங்கும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு திரும்பத் தொடங்குவார்கள். கழிவு இறக்கும் நிலையங்களில் வரிசை அப்போதும் நீளும். காலையில் சீக்கிரம் போவது, வார இறுதியைத் தவிர்ப்பது என்பன பழையவர்கள் கடைப்பிடிக்கும் வழிகள். தொட்டியைக் காலி செய்தபின் ஒரு வாளி தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டுதான் அவர்கள் புறப்படுவார்கள். வழியெல்லாம் அது குலுங்கிக் குலுங்கித் தொட்டியின் சுவரைக் கழுவும். அடுத்த நிலையத்தில் திறந்துவிட்டால் மிச்சமிருந்ததும் சேர்ந்து போய்விடும்.