பூச்சு எப்போது உரியும்?

ஜூரோங் தீவின் மின்நிலையங்களில் இயற்கை எரிவாயுவால் சுழலும் டர்பைன்களுக்கும், சாங்கியில் ஏறி இறங்கும் விமான எஞ்சின்களுக்கும் ஒரே கவலைதான். நவீன எஞ்சின்களில் பிளேடுகள்மேல் பாயும் வாயு, அவற்றை வார்த்த நிக்கல் கலவையே உருகிவிடும் அளவுக்குச் சூடானது. பிளேடுக்குள் ஓடும் குளிர்காற்றும், மேலே கால் மில்லிமீட்டர் அளவில் படிந்த பீங்கான் பூச்சும் சேர்ந்துதான் உலோகத்தைக் காக்கின்றன. இட்ரியம் ஆக்சைடு சிறிதளவு கலந்த சிர்கோனியாதான் அந்தப் பீங்கான். 1970களின் இறுதியில் நாசா செய்த சோதனைகளில் 6 முதல் 8 சதவீதக் கலவை நீடித்து நின்றது. இன்றும் பெரும்பாலும் அதையே பூசுகிறார்கள். பூச்சு நல்லதா என்று கேட்டால், எவ்வளவு இழுவிசை தாங்கும் என்ற ஒற்றை எண்ணைப் பதிலாகத் தருவதுண்டு. அந்த எண்ணை நம்பிப் பூச்சின் ஆயுளைச் சொல்ல முடியாது.

இழுவைச் சோதனையில், பூச்சுள்ள வட்டத் துண்டை எபாக்ஸிப் பசையால் இன்னொரு துண்டோடு ஒட்டிப் பிய்க்கிறார்கள். பசை முதலில் விட்டுவிட்டால், பூச்சு பசையைவிட வலுவானது என்பது மட்டுமே தெரியும். அதுவும் அறை வெப்பத்தில், புதுப் பூச்சில். பூச்சைக் கொல்வதோ காலப்போக்கில் வரும் நோய். பீங்கானுக்கும் பிளேடுக்கும் நடுவிலுள்ள ஒட்டுப்படலம் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய அலுமினா அடுக்கை வளர்க்கிறது. அது சில மைக்ரான் தடிமனானதும் ஆபத்து தொடங்குகிறது. ஆறும்போது உலோகம் அதிகம் சுருங்கும், அலுமினா குறைவாகச் சுருங்கும். அந்த இழுபறியில் விரிசல் விழுந்து பூச்சு பெயர்கிறது. ஆகவே சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் உலையில் ஒரு மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து ஆற்றி, மீண்டும் உள்ளே வைப்பதுதான் உருப்படியான சோதனை. பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு உரிந்தால் தோல்வி என்று கொள்வது பரவலான வழக்கம். உலையிலிருந்து முழுசாக வந்த துண்டு, பிறகு மேசைமேல் கிடக்கும்போது தானாக உரிந்துவிடுவதும் உண்டு. காற்றிலுள்ள ஈரமே அதற்குக் காரணம் என்கிறார்கள்.

உலைச் சோதனையும் நிஜ எஞ்சின் இல்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. உலையில் துண்டு முழுக்க ஒரே சூடு; எஞ்சினில் வெளியே நெருப்பு, உள்ளே குளிர்காற்று. தூசியும் அங்கே உண்டு. 1982 ஜூன் 24 அன்று கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்து நான்கு எஞ்சின்களும் நின்றுபோய், பிறகு எப்படியோ உயிர்பெற்று ஜகார்த்தாவில் இறங்கியது. அத்தகைய சாம்பலும் மணலும் 1,200 டிகிரியை ஒட்டி உருகிக் கண்ணாடிக் குழம்பாகிப் பீங்கானின் துளைகளில் இறங்கும். ஆறியதும் பூச்சு விறைத்து உடையும். சுடரை நேராகப் பாய்ச்சிப் பின்புறம் காற்றால் குளிர்விக்கும் சோதனைமேடை இதையெல்லாம் நடித்துக்காட்டும். ஆனால் செலவு அதிகம், ஒவ்வொரு மாதிரிப் பூச்சையும் அதில் ஏற்ற முடியாது. அதனால் உலையை ஒதுக்க வேண்டியதில்லை: இரண்டு பூச்சுகளில் எது மேல் என்று அது சொல்லும், எத்தனை ஆண்டு ஓடும் என்று சொல்லாது. இரவு பகலாக ஒரே சீராக ஓடும் மின்நிலைய டர்பைனுக்கும், நாளுக்குப் பலமுறை சூடேறி ஆறும் விமான எஞ்சினுக்கும் ஒரே சுழற்சிக் கணக்கு பொருந்தாது. சிங்கப்பூர் கூரைகளில் சூரியத்தகடுகள் பெருகி, மேகம் மூடும்போதெல்லாம் எரிவாயு டர்பைன்கள் ஏறி இறங்க வேண்டிவந்தால், மின்நிலையப் பூச்சுக்கும் அந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டியிருக்கும்.