ராத்தலும் கிலோகிராமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள கே.கே. நகரில், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, அமெரிக்காவில் பிறந்த பேரக் குழந்தையின் எடை ஏழு பவுண்டு என்ற சுபச் செய்தி வருமானால், அது நல்ல எடைதானா என்று அறிவதற்கு அதைக் கிலோவாக மாற்றிப் பார்க்காமல் முடியாது. கிலோ கணக்கிலேயே பிறந்து வளர்ந்த நமக்கும், பவுண்டு எனப்படும் ராத்தலின் கணக்கு இன்றும் அவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் முன்னோருக்கு இந்தச் சிரமம் தினந்தோறும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. அந்த மணங்கு ஏறக்குறைய 11.2 கிலோ. வடநாட்டிலும் ரயில்வே கணக்கிலும் வழங்கிய மணங்கோ 40 சேர் கொண்டது, அதாவது 37.3 கிலோ. இவற்றோடு ஆங்கிலேயரின் ராத்தலும், 112 ராத்தல் கொண்ட அந்தரும், 20 அந்தர் கொண்ட டன்னும் சேர்ந்துகொண்டன. ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு எடைகளைக் குறிக்கும்போது, கணக்கறியாத குடியானவனுக்கே நஷ்டம் நேரும். 1956ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக மெட்ரிக் எடைகளை அமலுக்குக் கொண்டுவந்தது, அந்த வகையில் ஏழைக்குக் கிடைத்த பாதுகாப்பே ஆகும்.

ஒரு ராத்தல் 0.45359237 கிலோ என்று 1959இல் ஆங்கிலம் வழங்கும் ஆறு நாடுகள் நிர்ணயித்தன. இந்தத் தசமங்களை மனனம் செய்ய வேண்டியதில்லை. ராத்தலைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் கிலோ கிடைக்கும்: ஏழில் பாதி மூன்றரை; அதில் 0.35 போக 3.15. சரியான எடை 3.175 கிலோ. கிலோவை ராத்தலாக்க, அதை இரட்டித்து, வந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். விமானப் பெட்டிக்குரிய 23 கிலோ 50.6 ராத்தல் ஆகிறது.

கைக்கணக்கு போதுமான இடமும் உண்டு, போதாத இடமும் உண்டு. நூறு ராத்தலுக்கு மேற்சொன்ன வழி 45 கிலோ என்று காட்டும். உண்மையில் அது 45.36 கிலோ. பெட்டி கட்டுபவருக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல. சரக்கு வாங்கி விற்பவருக்கு 360 கிராம் பொருட்டே. தங்கத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை தேவை. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை கூறும் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். இரண்டையும் ஒன்றென்று கொள்பவர், ஒவ்வொரு அவுன்ஸுக்கும் நம் எட்டு கிராம் பவுனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழை செய்தவராவார்.

பழைய அளவு முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் 40ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜ நீளமுள்ள 40 சிட்டங்கள் ஒரு ராத்தல் நிற்கும் என்றே பொருள். இலங்கைத் தமிழர் இன்றும் ஒரு இறாத்தல் பாண் என்று கேட்டு வாங்குவது 450 கிராம் ரொட்டியைத்தான்.

ஆகவே, எந்த எடையைக் கேட்டாலும், அது எந்த முறையைச் சேர்ந்தது என்று முதலில் விசாரித்து, பிறகு மனத்தால் மதிப்பிட்டு, பணம் கைமாறும் இடத்தில் மட்டும் தசமம் வரை கணக்கிடும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே உண்டாக்க வேண்டும்.